மூஞ்சிக்கு நேரே ஒட்டிய ஸ்டிக்கர்

முப்பத்து நான்கு வயதில் ஒருத்தியின் முகத்தில் பரு வந்துவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். கால் உடைந்து கட்டுப் போட்டிருப்பவரிடம் போய், "எலும்பை ஒழுங்கா கழுவறதில்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. பல்வலிக்காரரிடம், "கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கா?" என்று விசாரிப்பதில்லை. பருவைப் பார்த்தால் மட்டும் வாய் சும்மா இருக்காது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்பாள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனால், கடைக்காரர் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே முகத்தை ஒரு பார்வை பார்த்து, "இதுக்கு ஒண்ணும் வேணாமா?" என்பார்.

அந்தக் கேக் கடையில் அவளுக்குப் பெயர் கிரீமு. கேக்கின் மேல் பூவும் கரையும் வைத்து, பெயர் எழுதுகிறவள் அவள்தான் என்பதால் ஓவன்காரர் வைத்த பெயர். முதலாளியிலிருந்து மாவு மூட்டை இறக்க வருகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவதைக் கூட்டிப் பார்த்தால் பாதி "சரி", மீதி "ம்". அவள் பேசாததையெல்லாம் கை பேசியது. கிரீம் நிரப்பிய கோனை ஒரு அழுத்து அழுத்தி மணிக்கட்டைத் திருப்பினால் ஒரு ரோஜா. அவ்வளவுதான்.

கடைக்குள் அவள் நுழைந்தது ட்ரே கழுவ. கழுவ வந்த ட்ரேயைக் கவிழ்த்துப் போட்டு, கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச கிரீமை வழித்து, அதன் முதுகில் எழுதிப் பழகினாள். பிறகு கழுவிவிடுவாள். ஒருநாள் முதலாளி பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் ட்ரேயைக் கழுவ விடாமல் எடுத்துக்கொண்டு போய் மனைவிக்குக் காட்டினார்.

அலங்கரிக்கும் மேசை அப்போது பின்கட்டில், ஓவனுக்கு எதிரே இருந்தது. அதை முன்பக்கம் கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போடலாம் என்று சொன்னது அவள்தான். கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் பார்க்க எதுவும் இல்லை, அவர்கள் இதைப் பார்க்கட்டுமே என்றாள். முதலாளி, "கேக் செய்யறதுல என்னம்மா வேடிக்கை?" என்று சிரித்தார். போட்டுப் பார்த்தார். ஒரு வாரத்தில் கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு மூக்கு அதில் பதிந்தது.

அந்தக் கண்ணாடி மேசை அவளுக்கு என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிற ஒருத்திக்கு, நாற்பது பேர் நின்று பார்க்கிற இடத்தில் தலை நிமிர்ந்து நிற்க முடிந்தது. நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு அவள் கரை போடுவதை வெளியே நிற்கும் பிள்ளைகள் அதேபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அது அவள் இடம். அவளே கேட்டு, அவளே உண்டாக்கிக்கொண்ட இடம்.

பரு வந்தது அதற்கப்புறம். பதினாறு வயதில் வகுப்பில் எல்லோருக்கும் வந்தபோது இவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. அப்போது வராமல் ஏமாற்றியது இப்போது வட்டி போட்டு வந்தது. அதுவும் நெற்றியில் பொரிப்பொரியாக வந்து போகிற ஜாதி இல்லை. தாடை ஓரத்தில், காதுக்குக் கீழே, உள்ளுக்குள் கோலிக்குண்டு மாதிரி உருளும். முகம் காட்டாது, பழுக்காது, படுத்தால் தலையணை பட்டு வலிக்கும். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் வந்து உட்காரும். போகும்போது சும்மா போகாமல் ஒரு பழுப்புக் கறையை வைத்துவிட்டுப் போகும்.

"சூடு" என்றார்கள். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். உடம்புச் சூடு. ஓவன் இருக்கிற கடையில் வேலை செய்கிறாள், வேறென்ன சாட்சி வேண்டும்?

"ஓவன் சூடா?" என்றார் ஓவன்காரர். அவர் முகம் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். "பத்து வருஷமா அதுக்கு எதிர்க்கவே நிக்கறேன். ஓவன் சூட்டுல பரு வரும்னா இந்நேரம் என் மூஞ்சில பன்னே வெந்திருக்கணும்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அது சிரிப்பதற்கான நியாயமாகப் போயிற்று, யாரும் அதன்மேல் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. அழுக்கு என்று நினைத்தாள். ட்ரே கழுவும் சோப்பால் முகத்தைக் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்கையே எடுக்கிற சோப்பு, முகத்தில் இருப்பதை எடுக்காதா? எலுமிச்சையைப் பிழிந்து அதில் சர்க்கரையைத் தோய்த்து, ட்ரேயில் தீய்ந்த விளிம்பைச் சுரண்டுவதுபோலத் தாடையைச் சுரண்டினாள். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவனுக்கு மூத்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. யாருக்கு என்ன வேண்டும் என்பது அவர்களைவிட அவருக்குத் தெரியும். கையில் ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு சின்ன வெள்ளை டப்பா.

"இந்தா, இது தலைக்கு. நல்லா சொட்டச் சொட்ட வை, சூடு இறங்கும். இது மூஞ்சிக்கு. எனக்குத் தெரிஞ்ச பார்லர்ல அவங்களே கலக்கறது. வெளிய கிடைக்காது."

"என்ன அண்ணி இதுல?"

"என்ன இருந்தா உனக்கென்ன? நான் போடலையா? என் கன்னத்தைப் பாரு. அம்பது வயசுக்காரி கன்னமா இது?" என்றவர் தம்பி பக்கம் திரும்பினார். "நீ ஏண்டா சும்மா உக்காந்திருக்க? பொண்டாட்டி மூஞ்சி இப்படி இருக்கு, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் கணவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களிடம் நிதானமாகப் பேசிப் பழகியவன். "எனக்கு அவ எப்படி இருந்தாலும் ஓகேதான்க்கா" என்றான்.

அது நல்ல வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அது அவளுக்குள் போய்ச் சுருக்கென்று தைத்தது. உனக்கு ஓகே என்பதற்காகவா நான் ஒரு மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறேன்? கேட்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அந்த கிரீம் வேலை செய்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் கோலிக்குண்டுகள் அமுங்கின, கன்னம் சலவைக்கல்லாயிற்று. பேருந்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. "இப்பத்தான்மா கடைக்கே ஒரு களை வந்திருக்கு" என்றார் முதலாளி. அவள் சிரித்தாள். அப்படியானால் இத்தனை நாள் கடைக்கு என்ன இருந்தது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. மாதக்கணக்கில் போட்டாள். நெற்றி ஓரத்தில் மட்டும் ரவை ரவையாக ஏதோ கிளம்பியது. "சூடு இன்னும் முழுசா இறங்கல" என்று நாத்தனார் எண்ணெயை அதிகப்படுத்தினார்.

பிறகு டப்பா காலியாயிற்று. பார்லர்க்காரி ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். போடுவதை நிறுத்திய சில நாட்களில் முகம் தீப்பிடித்தது. பருவென்று சொல்லக்கூட முடியாது, கன்னம் முழுக்கச் செக்கச்செவேலென்று எரிச்சல், அதன்மேல் கொப்புளம் கொப்புளமாகச் சீழ். தண்ணீர் பட்டால் எரிந்தது, வெயில் பட்டால் எரிந்தது. கண்ணாடி மேசைக்கு முன் நின்றவர்கள் கேக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வாடிக்கையாளர் அம்மாள், பேத்தியின் பிறந்தநாள் கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் காது கேட்காதவள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று முதலாளியிடம் சொன்னார்: "அது மூஞ்சில இருக்கறது கேக்ல விழாதா?"

அது. அவள் என்றுகூடச் சொல்லவில்லை.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் கோபப்படுவது சுலபம். அவர் அவளைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கம் விசாரிப்பதுபோலப் பேசினார்.

"கொஞ்ச நாள் உள்ள வச்சு வேலை பாரேன்ம்மா."

"உள்ள வெளிச்சம் இல்ல சார். கலர் தெரியாது."

"அதுவும் சரிதான்." யோசித்தார். "ஜனங்களுக்கும் இது பழகிப்போச்சு. மேசையை எடுத்தா ஏன்னு கேப்பாங்க."

"மாஸ்க் போட்டுக்கறேன்."

"மாஸ்க் போட்டா சீக்காளி மாதிரி இருக்கும்மா. இன்னும் பயந்துடுவாங்க. நான் ஒரு வழி பண்றேன்."

அவர் பண்ணின வழி மறுநாள் வந்தது. சுருட்டிக் கொண்டுவந்த ஒரு பெரிய ஸ்டிக்கர். மூன்றடுக்குக் கேக் படம், உச்சியில் ஒரு செர்ரி. அதைக் கொண்டுவந்தவர் அவளைக் கண்ணாடிக்கு முன் நிற்கச் சொன்னார். மேலே நெற்றிக்கு ஒரு கோடு, கீழே கழுத்துக்கு ஒரு கோடு. அளவெடுத்து ஒட்டினார். அவள் முகத்துக்கு நேரே, கச்சிதமாக.

"பாரு, இப்ப கை மட்டும் தெரியும்" என்றார் முதலாளி, நிம்மதியாக. "ஜனங்க பாக்க வர்றது உன் கையைத்தானேம்மா. கை மட்டும் தெரிஞ்சா போதும்."

அவள் "சரி" என்றாள். 

வெளியே போய்த் தெருவிலிருந்து பார்த்தபோதுதான் முழுசாக விளங்கியது. அப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓவன்காரர். ஏப்ரன் கட்டிய உடம்பு, இரண்டு கை, கழுத்துக்கு மேலே மூன்றடுக்குக் கேக். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அன்று மாலையே பெயர் வைத்துவிட்டார்கள். கேக்குத்தலை. கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று, திறந்திருந்த கதவு வழியே அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே அவள் கோனை அழுத்தினாள். அழுத்திய அழுத்தில் கோன் பிளந்து கிரீம் முழங்கைவரை வழிந்தது.

"என்ன கிரீமு, கையிலேயே கேக் செய்யறியா?" என்றார் ஓவன்காரர். பக்கத்தில் வந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. "எனக்கு ஒருத்தர் தோல் டாக்டர் தெரியும்" என்றார். "என் தங்கச்சி போனா. போய்ப் பாரேன். மூஞ்சிக்கு இல்லன்னாலும், இப்படியே இருந்தா நீ எவனையாவது அடிச்சிடுவ."

தோல் டாக்டர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை அவள் தாடை ஓரமாக நகர்த்தினார்.

"இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

சொன்னாள். ட்ரே சோப்பு, எலுமிச்சை, சர்க்கரை. டாக்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார். வெள்ளை டப்பா என்றதும் பூதக்கண்ணாடி நின்றது.

"டப்பாவில என்ன எழுதியிருந்துது?"

"ஒண்ணும் எழுதல."

சொல்லும்போதே அவளுக்குக் காது மடல் சுட்டது. கடையில் குளிர்பெட்டிக்குள் பெயரும் தேதியும் ஒட்டாத டப்பா ஒன்று இருந்துவிட முடியாது. திறந்து பார்க்கக்கூட மாட்டாள், நேரே குப்பைக்குப் போகும். ஒட்டாமல் வைத்ததற்காக ஓவன்காரரிடம் சண்டையே போட்டிருக்கிறாள். ஊரார் தின்னும் கேக்கில் பெயர் தெரியாத எதையும் தடவாதவள், தன் முகத்தில் மாதக்கணக்கில் தடவியிருக்கிறாள்.

"பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ஆனா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு இந்தச் சிவப்பு சொல்லுது. போடற வரைக்கும் பளபளன்னு வச்சுக்கும். நிறுத்தினா மொத்தத்தையும் சேர்த்துத் திருப்பிக் குடுக்கும்."

"எல்லாரும் சூடுன்னு சொன்னாங்க."

"சூடு இருந்தா தெர்மாமீட்டர்ல தெரியணும். தாடையைச் சுத்தி, மாசாமாசம் அந்த நாளுக்கு முன்னாடி வருதுன்னா அது பெரும்பாலும் ஹார்மோன். பெரியவங்க ஆனப்புறமும் வரும், நிறைய பொம்பளைங்களுக்கு வருது. நெத்தி ஓரத்துல இருக்கே ரவை ரவையா, இது வேற. தலைக்கு எண்ணெய் வைக்கறீங்களா?"

"சூடு இறங்க. சொட்டச் சொட்ட."

"சொட்டினது நெத்தியில இறங்கி அடைச்சிருக்கு."

அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் சுத்தமாத்தான் இருக்கேன்" என்றாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

"அழுக்குதான் காரணம்னா, நீங்க கழுவின கழுவுக்கு இந்நேரம் மூஞ்சியே தேஞ்சிருக்கணும்."

"ஒட்டுமா டாக்டர்? கேக்ல?"

"ஒட்டாது. மூஞ்சியைத் தொட்டா கையைக் கழுவிட்டு வேலை பாருங்க. பரு இல்லாதவங்களுக்கும் அதே சட்டம்தான்." டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கா?"

அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டது. "மூஞ்சியைக் காட்ட வந்தா நீங்களும் அதையே கேக்கறீங்களே! வயத்துல ஒண்ணு வந்தா மூஞ்சில இருக்கறது போயிடுமா? பஸ்ஸுல கேக்கறாங்க, கடையில கேக்கறாங்க, இங்க காசு குடுத்துமா கேக்கணும்?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "நான் ஊர்க்கதைக்குக் கேக்கல. இதுக்குக் குடுக்கற சில மருந்து கர்ப்பத்துல ஆகாது. இப்ப யோசனை இருந்தா ஒரு மருந்து, இல்லன்னா வேற. அதுக்குத்தான்."

அந்தக் கேள்வியைக் காரணத்தோடு கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "இப்போதைக்கு இல்ல" என்றாள்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முதலில் எரிச்சலை அடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பருவுக்கு மருந்து. சுரண்டக் கூடாது, கிள்ளக் கூடாது. மென்மையான சோப்பு, காலையும் இரவும் மட்டும். ஈரப்பதத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. இரவில் ஒரு பட்டாணி அளவு மருந்தை, பரு இருக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைக்காமல், முகம் முழுக்க மெல்லிசாக. கேக்குக்கு முதல் பூச்சு பூசுவதுபோல என்று அவள் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டாள்.

"எப்ப போகும்?"

"மூணு மாசம் விடாம போட்டுப் பாருங்க. ஆரம்பத்துல கொஞ்சம் மோசமாக்கூடத் தெரியும். கறை போக இன்னும் நாளாகும். மொத்தமா விட்டுடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன், கட்டுக்குள்ள வைக்கலாம்."

டப்பா ஒரு வாரத்தில் வாக்குக் கொடுத்தது. உண்மை மூன்று மாதம் கேட்டது. படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். நாத்தனார்மேல், பார்லர்க்காரிமேல், அந்தப் பேத்திப் பாட்டிமேல், எல்லோருக்கும் "சரி" சொன்ன தன் வாய்மேல்.

நாத்தனாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னாள்.

"ஓஹோ! நல்லது செஞ்சவளுக்கு இதான் பரிசா? அதையேதானே நானும் போடறேன்? பார்லர்க்காரி போறப்போ எனக்கு நாலு டப்பா குடுத்துட்டுத்தான் போனா. எனக்கு என்ன ஆச்சு?"

நாலு டப்பா இருந்தும் ஒன்றைத் தரவில்லை என்பதை அவள் கவனித்தாள். தராததே நல்லதாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் நாத்தனாரின் கன்னத்தைப் பார்த்தாள். பளபளப்புதான், ஆனால் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, அடியில் சிவப்பு நரம்புகள் ஊசி நூலாக ஓடின.

"அண்ணி, நீங்களும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. தானா திடீர்னு நிறுத்தினா உங்களுக்கும் இப்படி எரியும்."

"என் மூஞ்சியைப் பத்திப் பேசற அளவுக்கு வந்துட்டியா நீ?"

"இவ்வளவு நாளா என் மூஞ்சியைப் பத்திப் பேசினது யாரு அண்ணி?"

கணவன் செய்தித்தாளைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தான், மறுபடி உயர்த்திக்கொண்டான். நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

"அக்கா நல்ல மனசோடதான்..." என்று ஆரம்பித்தான் அவன்.

"நல்ல மனசு எல்லாருக்கும் இருக்குங்க. எரியறது எனக்குத்தான் எரியுது. நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. எப்படி இருந்தாலும் ஓகே, அழகுன்னு மட்டும் சொல்லாதீங்க. அழகா இல்லன்னு நான் அழல. வலிக்குதுன்னு சொல்றேன்."

இரவு மருந்து தலையணை உறையிலும் துண்டிலும் பட்ட இடமெல்லாம் நிறத்தைத் தின்று வெள்ளைத் திட்டாக்கியதை ஒருநாள் பார்த்தவன், சாயம் போக வழியில்லாத வெள்ளை உறைகளாக வாங்கி வந்து மாட்டினான். அழகைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

முகம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. முதலில் எரிச்சல் போயிற்று. பிறகு தோல் காய்ந்து உரிந்தது, மாவு தூவினாற்போல. எண்ணெய் நிறுத்தியதில் நெற்றி முதலில் தெளிந்தது. தாடையில் பழைய குண்டுகள் அமுங்க, புதியது வந்தது, ஆனால் முன்போல் கூட்டமாக வராமல் ஒன்றிரண்டாக. கறைகள் அப்படியே இருந்தன. ரத்தப் பரிசோதனையில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. "உங்க ஹார்மோன் அளவுல இருக்கு, உங்க தோல்தான் அதுக்குக் கொஞ்சம் கூடுதலா கோவிச்சுக்குது" என்றார் டாக்டர்.

இத்தனை நாளும் அவள் ஸ்டிக்கருக்குப் பின்னால்தான் நின்றாள். வெளிச்சம் முன்போல் முகத்தில் விழவில்லை. தெருவைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து, கேக் படத்துக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் எட்டிப் பார்க்க வேண்டும். யார் நிற்கிறார்கள், யார் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. இடுப்புகளும் பைகளும்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, திருமண நாள் கேக் ஒன்றுக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். அவள் கன்னத்தைச் சாய்ந்து பார்த்தார். பழுத்ததா என்று பழத்தைப் பார்ப்பதுபோல.

"அட, இப்ப பரவால்லையேம்மா! நிறைய குறைஞ்சிருக்கு." உண்மையான சந்தோஷம்தான். "இன்னும் கொஞ்சம்தான். இந்தக் கறையெல்லாம் போகட்டும், ஸ்டிக்கரை எடுத்துடலாம்."

கோன் அவள் கையில் நின்றது.

அதுவரை அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். முகம் சரியாகும், ஸ்டிக்கர் போகும் என்று. அவர் வாயால் கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட கணக்கு என்று தெரிந்தது. கறை போன பிறகு எடுத்தால், ஒட்டியது நியாயம் என்றாகிவிடும். அடுத்த மாதம் ஒரு குண்டு கிளம்பினால் மறுபடி ஒட்டலாம். டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டுக்குள் வைக்கலாம் என்றார், அவ்வளவுதான். அப்படியானால் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் இவர் வந்து சாய்ந்து பார்க்க, இவள் கன்னத்தைக் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும்.

கோனை ஈரத்துணிமேல் வைத்தாள். கையைத் துடைத்தாள். பழைய, முனை மழுங்கிய கிரீம் கத்தி ஒன்று மேசையடியில் கிடந்தது, கேக்குக்கு ஆகாதென்று ஒதுக்கியது. அதை எடுத்துக்கொண்டு கடையின் முன்கதவைத் திறந்து வெளியே போனாள்.

"எங்கம்மா போற?"

ஸ்டிக்கரின் மூலையில் கத்தியை நுழைத்தாள். நன்றாக ஒட்டியிருந்தார்கள். செர்ரி முதலில் கிழிந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். முதலாளி பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா பண்ற? நான்தான் எடுத்துடலாம்னு சொன்னேனே!"

"மூஞ்சி சரியானப்புறம் எடுக்கலாம்னு சொன்னீங்க."

"ஆமா."

"சரியாகாமலே எடுக்கணும் சார்."

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "யாராவது புகார் சொன்னா?"

"என்கிட்ட அனுப்புங்க. ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னதைச் சொல்றேன். கேக்கறவங்க கேக்கட்டும், கேக்காதவங்க வேற கடையில வாங்கட்டும்." இரண்டாவது அடுக்கு ஒரே இழுப்பில் வந்தது. "கை மட்டும் போதும்னீங்களே, கையை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போக முடியாது சார். வந்தா மூஞ்சியோடதான் வருவேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க. உள்ள பாதிக் கேக் இருக்கு, அதை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

முதலாளி தெருவைப் பார்த்தார். நிறுத்தத்தில் இருந்தவர்கள் அவரைத்தான் பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஓவன்காரர் எட்டிப் பார்த்து, "சார், பாதிக் கேக்குக்கு நான் பூ வச்சா அது முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், பரவால்லையா?" என்றார்.

முதலாளி அவரை முறைத்தார். பிறகு அவளிடம், குரலில் பழைய துக்க விசாரிப்பு இல்லாமல், கடுகடுப்பாக, "கோந்து ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு. வெந்நீர் வச்சுத் துடைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆத்திரம் தீர்ந்துவிடவும் இல்லை.

கிழிசலைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேசைக்கு வந்தாள். கண்ணாடியில் கோந்துக் கீற்றுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன, அவற்றுக்கு நடுவே தெரு முழுசாகத் தெரிந்தது. வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். பார்வை நேரே கன்னத்துக்கு வந்தது, கறையில் நின்றது, தாடைக்கு இறங்கியது. உதட்டில் ஏதோ ஒரு வைத்தியம் தயாராவது தெரிந்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தபடியே கோனைக் கையிலெடுத்தாள். கண்ணாடி தடிமன். வெளியே சொல்வது உள்ளே கேட்காது. நிறுத்திய இடத்திலிருந்து கரையைத் தொடர்ந்தாள்.